கடைசிப் பத்து நிமிடம்

அம்மாவுக்கு மகனின் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தியேட்டரில் இப்போது போர்ப் படம் ஓடுகிறது. கூட்டிப் பெருக்குகிற நாங்கள் படம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே துடைப்பத்தோடு உள்ளே போய் நிற்க வேண்டும். அதனால் எந்தப் படத்திலும் எனக்கு முடிவு மட்டும்தான் தெரியும். இதில் சிப்பாயைப் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். அவன் அம்மா மண்ணில் புரண்டு அழுகிறாள்.

நேற்று மதியக் காட்சி முடிந்து வெளியே வந்த ஒருவர், "சண்டையெல்லாம் பிரமாதம். அந்தம்மா அழுகைதான் ஓவர்" என்றார். அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ அழாம? அழலேன்னா அவ என்ன அம்மா?"

என் கையிலிருந்த முறம் நழுவி அந்த அம்மாள் காலில் விழுந்தது. சூப்பர்வைசர் நாலு வார்த்தை திட்டினார், அவ்வளவுதான்.

தம்பியை இறக்கி வைத்தவர்களிடம் நீங்கள், "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். எனக்குத் தம்பி இருந்ததே இங்கே யாருக்கும் தெரியாது.

இந்தப் படம் அங்கே வந்தால் போகாதீர்கள். யாராவது கூப்பிட்டால் கால் வலி என்று சொல்லிவிடுங்கள். அவன் போட்டோ ஒன்று அனுப்புங்கள், சீருடை இல்லாததாக.

கூட்டம் குறையவில்லை, இன்னும் இரண்டு வாரம் ஓடுமாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கிவிட்டாள், அம்மா. நான் உள்ளே போக வேண்டும்.