வண்டியை விற்கப் போவதில்லை

அன்பு மகன் தென்சினுக்கு,

நம் மலையூர் கேலாங்கில் அனைவரும் நலம். நீயும் மருமகளும் கனடாக் குளிரில் சளி, இருமல் அண்டாமல் இருக்க வேண்டும். நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஆறவில்லை. போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். அம்மா பனியில் வண்டியை முட்டிவிட்டாள் என்று உன் சித்தப்பா சொன்னாராம், உடனே நீ வண்டியை வித்துடும்மா, வயசாச்சு என்கிறாய். முட்டியது உண்மை. வேண்டுமென்றேதான் முட்டினேன்.

பக்கத்து வீட்டு டோல்கருக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, பனியில் ஆம்புலன்ஸ் வர வழியில்லை, என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்சீட்டில் அவளும் அவள் மாமியாரும், முன்னால் உன் சித்தப்பா. வெயிலே படாத அருவி வளைவின் இறக்கத்தில் திரும்பினால் ஒரு லாரி குறுக்கே சிக்கி நிற்கிறது. சாலை முழுக்கக் கண்ணாடியாய் உறைந்த பனி, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. பிரேக்க அழுத்துங்க அண்ணி, அழுத்துங்கன்னு உன் சித்தப்பா அலறுகிறார். ஓங்கி மிதித்திருந்தால் சக்கரம் இறுகி வண்டி ஆற்றுக்குள் வழுக்கியிருக்கும். வாயை மூடிக்கிட்டுக் கம்பியைப் பிடிங்க தம்பி என்றேன். கியரை ஒன்றுக்கு இறக்கினேன், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். வேகம் குறைந்தது, ஆனாலும் லாரியை எட்டுமுன் நிற்காது என்று தெரிந்ததும் மலையோரப் பனிக்குவியலில் முகப்பைச் சொருகினேன். ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். லாரிக்காரர்கள் என் வண்டியை வெளியே இழுத்துவிட்டு, லாரியையும் ஒதுக்கி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பெண் குழந்தை, நல்ல குரல் அதற்கு.

அதற்குப் பிறகும் டாக்ஸி நிலையத்தில் ஆண் டிரைவர்கள் கூடி, குளிர் முடியும்வரை நீங்க வீட்ல இருங்க அக்கா என்றார்கள். வீட்ல இருந்து உங்களுக்கு உப்புத் தேநீர் போட்டுத் தரணுமா என்று கேட்டுவிட்டு வண்டியை வரிசையில் நிறுத்தினேன். புது விளக்கும் மாட்டியாயிற்று. நேற்று டோல்கரையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வேறு வண்டி எதுவும் கிளம்பாததால் உன் சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். வழி நெடுகக் கம்பியை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

உன் புது வண்டியில் பிரேக் தானாகவே விட்டுவிட்டுப் பிடிக்கும், பனியில் மிதித்தால் கால் அதிரும், பயந்து காலை எடுத்துவிடாதே, அழுத்தியே பிடி. முன்வண்டிக்குத் தாராளமாக இடம் விடு, குளிர்கால டயர் போட்டாயா என்று எழுது. புத்தர் அருளால் இருவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். வெளியே ஹாரன் கேட்கிறது, சவாரி வந்திருக்கிறது, முடிக்கிறேன்.

உன் அம்மா,
பல்மோ, டாக்ஸி டிரைவர்