தாள் பொரியலும் ஒரு சஷ்டியும்

சந்தையிலிருந்து வந்து பையைக் கவிழ்த்தேன். வெங்காயத்தாளின் வாசம் முதலில் வந்தது, தாள் பின்னால்தான் விழுந்தது. இங்கே சந்தைக்காரன் அதை மலையாளத்தில் உள்ளித்தண்டு என்று கூவுகிறான். நாங்கள் வெங்காயத்தாள் என்போம். நீ வெறுமனே தாள் என்பாய். ஒரு பொருளுக்கு இப்படி ஆளுக்கொரு பேர் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் உனக்கும்தான் தெரியும். அதனால்தான் உலையை இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். என்னுடையது ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நீ அதுவும் படிக்கவில்லை. அங்கே முருகன் வாசித்துக் காட்டட்டும், அவருக்குத் தமிழ் தெரியும்.

தேயிலை பேக்டரி வேலைக்கென்று தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போன என் தம்பி, அங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த உன்னைக் கட்டிக்கொண்டான். உன் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மலையேறியவர், அதனால் உன் பேச்சு தெற்கத்திப் பேச்சு. என்னை "மைனி" என்பாய். நான் உன்னை "ஏம்புள்ள" என்பேன். மற்றபடி நமக்குள் சண்டை வந்ததெல்லாம் சாமி விஷயத்தில்தான். நான் வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி என்று ஒன்றும் விடமாட்டேன். நீ விளக்கேற்றுவாய், அதோடு சரி. கேட்டால், "சாமிக்கு ஆயிரம் சோலி கெடக்கும் மைனி. நாம வேற எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்?" என்பாய்.

எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில், உன் வீட்டு முன்னால் ஒரு தாள் பாத்தி இருந்தது. எங்கள் பக்கம் வெங்காயத்தாள் என்றால் கிழங்கோடு பிடுங்குவோம். நீ ஒரு செடியைக்கூடப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. மண்ணுக்கு இரண்டு விரல் மேலே அறுத்துக்கொள்வாய், அது மறுபடி தழைக்கும். வேலை முடிந்து வந்து கூடையை இறக்கினால், அடுப்பில் உலை கொதிப்பதற்குள் பொரியல் தயாராகிவிடும். தேங்காய் எண்ணெயில் கடுகும் உளுந்தும் வெடிக்கும், வரமிளகாயைக் கிள்ளிப் போடுவாய். மிளகும் சீரகமும் அம்மியில் ஒரு தட்டு. அறுத்த தாளைப் போட்டு, மஞ்சள் தூவி, இரண்டு கிளறு. கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. நான் மூடி போடப் போனால் கையைத் தட்டிவிடுவாய். "மூடுனா நெறம் செத்துரும்."

உன் மகள் செல்விக்குக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தது நான்தான். பையனுக்கு அங்கே கம்பெனியில் வேலை. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் லயத்து வீடு, மலைக்காரப் பெண் என்று திரும்பிப் போயிருந்தன. உனக்கு அதில் உறக்கம் போயிருந்தது. "தேயிலைக் காட்டு அட்டைக்கு ரத்தம் குடுத்தது என்னோட போகட்டும் மைனி. அவ கீழ எறங்கிறணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

சஷ்டிக்கு மறுநாள் வருவதாகச் சொன்னவர்கள் சஷ்டியன்றே வந்து இறங்கினார்கள். பையனின் அம்மாவும், அவருடைய கொழுந்தனாரும். ஊரில் அவர்கள் பங்காளி ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தாராம். அவர் போய்விட்டால் தீட்டு வந்து எல்லாம் தள்ளிப் போய்விடும் என்று உடுமலைப் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டார்கள். அந்த அம்மா, மகனுக்குக் கல்யாணமாகிப் பேரக்குழந்தை பிறக்கும்வரை சஷ்டி விரதம் என்று வேண்டிக்கொண்டவர். ஒருவேளைச் சாப்பாடு. "வெங்காயம் பூண்டு மட்டும் சேர்க்காம இருந்தாப் போதுங்க" என்றார்.

நான் உள்ளே எட்டிச் சொன்னேன். "ஏம்புள்ள, வெங்காயம் பூண்டு எதுலயும் ஆகாது."

"சேக்கவே இல்ல மைனி. ரசத்துலகூட மிளகுதான்."

நீ சொன்னது பொய்யில்லை. உனக்கு வெங்காயம் என்றால் கடையில் உருண்டையாக வாங்குவது. தாள், கீரை. நான் கூடத்தில் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பேச ஆள் கிடைத்தால் அடுப்படிப் பக்கம் போகமாட்டேன் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

இலை போட்டாயிற்று. அந்த அம்மா பொரியலை ஒரு வாய் எடுத்து வைத்து, "என்ன கீரைங்க இது, நல்ல வாசமா இருக்குது?" என்று கேட்டார்.

"தாளுங்க. மைனி வெங்காயத்தாளும்பாக. நம்ம பாத்தியிலதான் அறுத்தேன்" என்றாய் சந்தோஷமாக.

அந்த அம்மாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது. கொழுந்தனார் இலையிலிருந்து கையை எடுத்தார். "விரதம் போச்சுங்க அண்ணி. பொண்ணு பாக்க வந்த ஊட்டுலயே இப்புடி. சகுனஞ் செரியில்லீங்க, கெளம்பலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் சேலை கட்டி நின்ற செல்வியின் வளையல் சத்தம்கூட அடங்கிப் போனது.

அந்த அம்மா வாயை மூடியபடியே உன்னைப் பார்த்தார். துப்புவதா விழுங்குவதா என்று தெரியாத பார்வை. நீ அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாய்.

"முழுங்கிருங்க அக்கா. துப்புனா சோத்துக்குப் பாவம். முழுங்குனா எனக்குப் பாவம். நான் வாங்கிக்கிடுதேன்."

அவர் விழுங்கினார். பொரியலை இலையோரம் ஒதுக்கினார். "கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்றார்.

கொழுந்தனார் மறுபடி, "அண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"அதுதான் அவுங்க வாங்கிக்கிட்டாங்கல்லொ. நீங்க உங்க சோத்த உண்ணுங்க" என்றவர், கை கழுவி வந்து, "புள்ளயக் கூப்புடுங்க" என்றார்.

பேச்சு முடிந்து அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு வரும்போது, பனி இறங்கிய பாதையில் நீ என்னிடம் கேட்டாய். "மைனி, சஷ்டின்னா என்னென்ன செய்யணும்?"

"எதுக்குப் புள்ள?"

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டேம்லா. சும்மா வாய்வார்த்தைக்கா சொன்னேன்? கட்டஞ்சாயா குடிக்கலாமா?"

"முருகரு கட்டஞ்சாயாவப் பத்தி ஒன்னுஞ் சொல்லுல" என்றேன்.

அன்றிலிருந்து, பேரக்குழந்தை பிறக்கும்வரை என்று, சஷ்டிதோறும் பால் விடாத கட்டன்சாயாவோடு மலையேறிக் கொழுந்து கிள்ளினாய். வீட்டில் கேட்டால் வயிறு சரியில்லை என்பாய். என்னிடம் மட்டும் ஒரு கட்டளை போட்டாய். "செல்விகிட்ட சொல்லிராதீக மைனி. நாளைக்கு மாமியாருக்கும் அவளுக்கும் ஒரு சொல்லு வந்தா, 'எங்கம்மா உனக்காகப் பட்டினி கெடந்தா'ன்னு சொல்லிக் காட்டுவா. அப்புறம் அந்த வீடு வீடா இருக்காது."

கல்யாணம் ஆயிற்று. குழந்தைதான் சீக்கிரம் வரவில்லை. நீயும் விடவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்த பிறகு வந்த சஷ்டியில், தோசையோடு தாள் பொரியல் வைத்துத் தின்றதாகச் சொல்லி அனுப்பினாய். அப்போது உன்னை நன்றாகத் திட்டினேன். ஆடி மழையில் காய்ச்சல் கண்டு நீ போய்ச் சேர்ந்தபோது, திட்டியதை எல்லாம் விட்டுவிட்டு அந்தத் தோசையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் செல்வி குழந்தையோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியாரும் கூட வந்திருந்தார். பேச்சு கோவில், குளம் என்று போயிற்று. செல்வி சிரித்துக்கொண்டே மாமியாரிடம், "எங்கம்மாவுக்கு சாமி பக்தியே கெடையாது அத்தே. ஒரு நாள் விரதம்னு இருந்து நான் பாத்ததில்ல" என்றாள். மாமியார், "அதெல்லாம் அவுங்கவுங்க மனசுக்குள்ள இருக்கும் கண்ணு" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. நான் பேசாமல் இருந்து யாருக்கும் பழக்கமில்லை.

தொண்டைவரை வந்துவிட்டது, புள்ள. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினேன்.