சீதாளைச் செடிக்கு எரிந்த விளக்கு

இன்று காலை எங்கள் ஆபீசில் பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு டியூப் லைட் மாட்டினார்கள். எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் சோக்குப் பெட்டி சூடாகி, தார் உருகுகிற மாதிரி ஒரு வாசனை கிளம்பியது. அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவேன் என்று கேட்காதே. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் நடு அறையில் பகல் முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். சக்லேஷ்பூரில் உன் சித்தி பெண்ணின் கல்யாணத்துக்குப் போனவர்கள் எல்லாரும் காப்பிக்கொட்டையோடு திரும்பினார்கள். நீ மட்டும் ஈரத்துணியில் சுற்றிய மூன்று மரக்கட்டைகளோடு வந்தாய். கட்டைகளைப் பற்றிக்கொண்டு தடித்த இலைகள். இது என்ன களை என்று கேட்டேன்.

"களை இல்லே, சீதாளை. அந்தப் பக்கத்துப் பொண்ணுகள் தலையிலே வெச்சுக்கிற பூ. சரம் சரமாத் தொங்கும், பாருங்கோ."

கொல்லை இல்லாத அக்ரஹாரத்து வீடு நம்முடையது. மொட்டை மாடியில் தொங்கவிட்டாய். ஒரே வாரத்தில் குரங்குகள் இரண்டைப் பிய்த்துப் போட்டன. மிஞ்சிய ஒன்றை ஜன்னலே இல்லாத நடு அறைக்குக் கொண்டுவந்து உத்தரத்தில் கட்டினாய். வெயிலுக்கு எங்கே போவாய் என்றேன். "நீங்க ஒரு டியூப் லைட் வாங்கிண்டு வாங்கோ" என்றாய், கத்தரிக்காய் வாங்கி வரச் சொல்வது போல. குடியரசு வந்த புதிது. டியூப் லைட் என்றால் பெரிய கடைகளில்தான் பார்க்கலாம். பெங்களூர் போய் வாங்கி வந்து மாட்டினேன். அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "செடிக்கு லைட்டா? பரீட்சைக்குப் படிக்கறதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் செடியை வைத்துக்கொண்டு நீ என்னைப் படுத்திய பாடு! காலையில் காப்பிக்கு முன்னால் விளக்கைப் போட வேண்டும். சாயங்காலம் பெருமாளுக்கு விளக்கேற்றும்போது அதை அமர்த்த வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன் என்பதற்காக அரை மணி நேரம் பேசினாய். தோட்டத் துறையில் வேலை பார்த்த ஒருவர் உன்னிடம் சொல்லியிருந்தாராம். "இந்தச் செடி இருட்டிலேதான் மூச்சு விடும். ராத்திரியும் வெளிச்சம் அடிச்சா திணறிப் போயிடும்." செடியாவது திணறுவதாவது என்று சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் பூத்தது. வெள்ளையும் ஊதாவுமாக முழ நீளத்துக்கு ஒரே சரம். முதல் பூ பெருமாளுக்கு என்று கத்தரிக்கோலை எடுத்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய். "அறுக்கப்படாது. பெருமாளை இங்கே ஏளப் பண்ணிண்டு வாங்கோ." சாளக்கிராமப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துத் தளிகை சமர்ப்பித்த வைஷ்ணவன் இந்த மைசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறு வருஷம் பங்குனியில் உனக்கு இருமலோடு ரத்தம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த க்ஷயரோக சானடோரியத்தில் உன்னைச் சேர்த்தேன். வண்டியில் ஏறும்போதுகூட, "சாயங்காலம் அமர்த்த மறந்துடாதேங்கோ" என்றாய். சித்திரையில் செடியின் இலை இடுக்கில் அரிசி முனை மாதிரி பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. உன்னிடம் சொல்ல ஓடி வந்தேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "எவ்வளவு நீளம்?"

ஒரு ஞாயிறு டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். மருந்துகளின் பெயரைச் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டு, "தேவரு இத்தாரெ" என்றார். தெய்வம் இருக்கிறது என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தேன். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அமர்த்துகிற நேரம். ஸ்விட்சில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேல்கோட்டையில் எங்கள் முன்னோருக்கு நந்தாவிளக்குக் கைங்கரியம். இரவு பகல் அணையாத விளக்கு அது; அதற்கு எண்ணெய் விட்டே பரம்பரை பரம்பரையாக உயிரோடு இருந்தோம் என்று அப்பா சொல்வார். எனக்குள் அந்த ரத்தம்தானே ஓடுகிறது? நீ திரும்பி இந்த வாசற்படி மிதிக்கும்வரை இந்த விளக்கை அமர்த்துவதில்லை என்று பெருமாளிடம் சொல்லிவிட்டேன். நெய் விளக்கை வேண்டிக்கொண்டிருக்கலாம். அது என் விளக்கு. இது உன் விளக்கு. வெளிச்சத்தால் ஒரு உயிருக்குக் கெடுதல் வரும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இருபது நாளில் இலைகள் துவண்டன. விரல் நீளத்துக்கு வந்த காம்பு நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. உன்னிடம் முழ நீளம் என்றேன். அடுத்த வாரம், பூத்துவிட்டது என்றேன்.

"எத்தனை பூ?"

"நாற்பதுக்கு மேலே இருக்கும்."

"பெருமாளை ஏளப் பண்ணேளா?"

"பண்ணினேன்."

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாதா? "அடுத்த வாரம் சரத்தை அறுத்து எடுத்துண்டு வாங்கோ. நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாய். பூவை அறுக்க விடாதவள் நீ. வீடு திரும்பமாட்டாய் என்று உனக்கும் தெரிந்துவிட்டது, அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். மார்க்கெட்டில் பூக்காரர்கள் எல்லாரையும் கேட்டேன். நஞ்சன்கூட்டில் ஒரு வக்கீல் வீட்டில் சீதாளை இருக்கிறது என்று யாரோ சொல்ல, லீவு போட்டு ரயிலேறிப் போனேன். அவர் வீட்டில் இருந்தது குரோட்டன்ஸ். அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷர் பயந்துபோய் மோர் கொடுத்தார்.

வெறும் கையோடு உன் முன்னால் வந்து நின்றேன். நீ என் கையைப் பார்த்தாய். கோபித்துக்கொள்ளவில்லை.

"விளக்கை அமர்த்தறதில்லே, இல்லையா?"

தலையை ஆட்டினேன். வேண்டுதலைச் சொன்னேன். நீ வெகுநேரம் இருமினாய். மூச்சுத் திரும்பியதும் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய்.

"எனக்காக அதைச் சாக விடாதேங்கோ. இன்னிக்குப் போனதும் அமர்த்திடுங்கோ. இலை ஸ்வல்ப பச்சையா இருந்தாலும் போரும், பிழைச்சுக்கும். சரின்னு சொல்லுங்கோ."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அடி இலை இரண்டில் இன்னும் பச்சை இருந்தது. ஸ்விட்சுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அமர்த்தினால் செடி பிழைக்கும். நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் அமர்த்தவில்லை. எட்டாம் நாள் காலையில் சானடோரியத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. செடி அதற்கு முன்பே போய்விட்டது.

இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். சரி என்று சொல்லிவிட்டு ஏமாற்றினேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. இன்று நீ மறுபடி அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே கேட்டாலும், சரி என்று சொல்லிவிட்டு வந்து, அமர்த்த மாட்டேன்.