எடைக்கு வாங்கிய நைட்டி

அக்கா,

இன்று காலை அலமாரியை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்த என் மகள், பூப்போட்ட பழைய நைட்டி ஒன்றை எடுத்து, தரை துடைக்க ஆகும் என்று கத்தரிக்கோலை வைத்தாள். நான் போட்ட சத்தத்தில் அடுப்பில் பால் பொங்கியதைக்கூட யாரும் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டையில் இன்னும் போகாத பழுப்புக் கறை. உங்கள் ரத்தம். "அப்படி என்னம்மா இதுல இருக்கு?" என்று கேட்டாள். பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்போது நாம் குடியிருந்த மடவார் வளாகத்தில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். லோடு ஆட்டோ ஓட்டிய என் புருஷனுக்கு அடித்தால் மட்டும் போதாது. உடுத்தியிருப்பதைக் கிழிப்பான், கொடியில் காய்வதையும் கிழிப்பான். துணியில்லாதவள் தெருவில் இறங்கி நியாயம் கேட்க மாட்டாள் அல்லவா? பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் கொல்லைப்புறமாக வந்து உங்கள் புர்காவை என் மடியில் போடுவீர்கள்.

"மாட்டுட்டி. உள்ள என்ன கிழிஞ்சிருக்குன்னு எவ பாக்கப் போறா?"

நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டு, சாயம் போனதை நீங்கள் போட்டுக்கொள்வீர்கள். அப்படித் துணி எடுக்கப் போன பஸ்ஸில் ஒருநாள் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் எனக்கு சலாம் சொல்ல, நான் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டேன். ராஜபாளையம் வரும்வரை சிரித்தீர்கள். உதடு கிழிந்திருந்த நானும் சிரித்தேன்.

தளவாய்புரத்தில் தையல் தப்பிய நைட்டிகளைக் குவியலாகக் கொட்டி எடைக்குப் போடுவார்கள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பை தலைகீழாக இருக்கும். பூக்கட்டி மிச்சம் பிடித்த காசுக்கு அதுதான் கட்டும். முட்டி போட்டுத் துழாவும் பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: கழுத்தைப் பிடித்தவளுக்கே துணி. நீங்கள் பிடித்தால் பிடித்ததுதான்; யார் இழுத்தாலும் விடமாட்டீர்கள். நான் என் அளவைத் தேடினால் மட்டும் கோபம் வரும்.

"பெருசா எடுட்டி. காலை அகட்டி வச்சு ஓட வேண்டாமா?"

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

என் புருஷனும் தளவாய்புரத்தில் லோடு ஏற்றுவான் என்பது அன்றைக்கு நம் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. மூட்டை தூக்க உள்ளே வந்தவன் என் காலைப் பார்த்தான். அறுந்த செருப்பு வாருக்கு அவனே ஒருநாள் சிவப்பு வயர் கட்டிக் கொடுத்திருந்தான். முகத்திரையை ஒரே இழுப்பில் கிழித்தான். தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக் குவியல்மேல் தள்ளி, விலாவில் மிதித்தான்.

"ஊர் சுத்தவா வேஷம் போட்டிருக்க?"

பெண்கள் விலகி நின்றார்கள். "புருஷன் பொஞ்சாதி விவகாரம், நமக்கெதுக்கு" என்றார் கடைக்காரர்.

நீங்கள் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்தீர்கள். "ஏலே, என் புர்காவையா கிழிச்ச?" என்று அவன் மணிக்கட்டில் இறக்கினீர்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மறு கையின் முழங்கையால் உங்கள் முகத்தில் இடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு அவன் முட்டியில் இன்னொன்று போட்டீர்கள்.

அவன் விழுந்ததும்தான் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. நைட்டிக்குப் போடுகிற அதே பிடியை அவன் கழுத்துக்குப் போட்டார்கள். ஒருத்தி முதுகில் ஏறி உட்கார்ந்தாள். ஒருத்தி கடித்தாள். நானும் எழுந்து மிதித்தேன், கால் வலிக்கும்வரை. மனசு குளிர்ந்தது அக்கா. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கூட்டம் கலைந்தபோது என் கையில் இந்த நைட்டி இருந்தது. உங்கள் ரத்தம் அதில் சொட்டியிருந்தது.

"கறை பட்டதை இனி யாரு வாங்குவா? நீங்கதான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

புருவத்தைக் கையால் பொத்திக்கொண்டு நீங்கள் அவரை முறைத்தீர்கள். "ரத்தம் என்னோடது. வெலையைக் கொறை."

அவர் எடை போடாமலேயே கொடுத்துவிட்டார்.

நான் வீடு திரும்பவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீங்களே கூட்டி வந்து ராஜபாளையத்தில் என்னிடம் விட்டீர்கள். பேண்டேஜ் துணி மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. கையில் மாவுக்கட்டோடு அவன் உங்கள் வாசலுக்கு வந்து கல்லெறிந்ததையும், நீங்கள் அம்மிக் குழவியை ஜன்னலில் வைத்துக்கொண்டு "உள்ள வாலே" என்று கூப்பிட்டதையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன். பிறகு அவன் ஊரைவிட்டே போய்விட்டான். இந்த மழைக்காலத்தில் மாரடைப்பில் நீங்கள் போனபோது கடைசியாக முகம் பார்க்க விட்டார்கள். புருவத்தில் அந்த வெட்டு அப்படியே இருந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்து, கூடப்பிறந்தவளா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இப்போதும் தளவாய்புரம் போனால் பெரிய சைஸில் ஒன்று கூடுதலாக எடுத்து வைக்கிறேன். போன வாரம் மத்தியானம், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள். கன்னத்தில் விரல் தடம். நான் அலமாரியைத் திறந்து அந்தப் பெரிய நைட்டியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கையிலும் காலிலும் தொங்கியதைக் குனிந்து பார்த்தாள்.

"ரொம்பப் பெருசா இருக்கேக்கா."

"இருக்கட்டும்ட்டி. ஓட வேண்டியிருக்கும்."