அடுப்புச் சுவரில் ஒட்ட ஒரு படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், உடம்புக்கு என்றுதான் எழுதுகிறேன், மற்றதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பொடியனும் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள், நம்ம வாயாடி, வீட்டிலிருந்தே போனில் படித்துப் பரீட்சை எழுதி வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டாள், கணக்கில் ஒரு மார்க்கைக்கூட விடவில்லை. டீச்சரே போன் போட்டு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று கேட்டார், நான் அஞ்சாம் வகுப்போடு நின்றதை எதற்குச் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டு ரத்தமே அப்படித்தான் டீச்சர் என்று சொல்லி வைத்தேன். அவள் தம்பி குண்டன் படம் வரைந்து அனுப்பி அதற்குச் சான்றிதழ் வந்திருக்கிறது, தாத்தாவைத்தான் வரைந்தான், மூக்கு மட்டும் அச்சு அசல். என் பொடியன் தானே ஷூ கயிறு கட்டுகிறான், இரண்டு பாஷை பேசுகிறான் என்று நீ போனில் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் பாவம் மூன்றாவது தடவை கேட்கிறார். முன்பெல்லாம் இது என் வேலையே இல்லை. ரொட்டி வாங்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து அடுப்புச் சுவரில் ஒட்டின பேரப்பிள்ளைகள் படத்தை ஒவ்வொன்றாகக் காட்டி உன் அப்பா ஒப்பிப்பார், இந்தச் சுவரில் ஒட்டினால் நூறு வருஷமானாலும் பூஞ்சை பிடிக்காது என்பார், அவசரமாக வந்தவர்கள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவார்கள். இப்போது அந்த வேலையும் என் தலையில்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது. போனை எடுத்தால் நீ ஒரு பக்கம் அழுவாய், நான் ஒரு பக்கம் அழுவேன், சொன்னது பாதி விழுங்கினது பாதியாகப் போகும், உன் அண்ணனும் பக்கத்திலேயே நிற்பான். அப்பாவும் அண்ணனும் கடைசியில் பேசிக்கொள்ளாமல் இருந்தது உனக்குத் தெரியாது. தூரத்தில் இருக்கிறவளுக்கு எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நோய் வந்து நம்ம தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது பேக்கரியையும் மூடினோம் அல்லவா, அப்போது வியாபாரிகள் சங்கச் செயலாளர், அதுதான் நம்ம கடிகாரக்கடைக்காரர், ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். சின்னக் கடைக்காரர்கள் இந்த நோய்க்காலத்தில் என்ன செய்ய வேண்டும், அரசாங்க நிவாரணம் எப்படி வாங்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது, வாயாடி சத்தம் போட்டு வாசித்தாள். வருகிறவர்கள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று வந்ததும் உன் அப்பா, நம்ம கடையே ஆறடிதான், அப்போ நான் தெருவில் நின்று ரொட்டியைத் தூக்கி எறிய வேண்டியதுதான் என்றார். எல்லோரும் சிரித்தோம். உன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, அவன் நிவாரணப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாவு பிசைகிறவருக்குக் கடை மூடின பிறகும் பாதிச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தான், அதற்காகப் பைக்கை விற்றதை எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. அடைத்த தெருவில் கடையை முழுசாக மூடி வைத்திருந்தால்தான் நிவாரணம் என்று போட்டிருந்தது. மூடித்தானே இருக்கிறோம் என்று செயலாளரோடு உட்கார்ந்து எழுதி அனுப்பினான்.

ஆனால் அடுப்பு மூடவில்லை. உனக்குத் தெரியும், உன் தாத்தா கையால் கட்டின செங்கல் வளைவு, அவர் மூட்டின நெருப்பு. ஆறினால் செங்கல் ஈரம் குடிக்கும், ஈரம் குடித்த செங்கலில் ஒரேயடியாகத் தீ வைத்தால் பிளந்துவிடும் என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கடை மூடியிருந்த நாளெல்லாம் ஒரு பன்கூடச் சுடவில்லை, வெறும் அடுப்புக்குக் காலையில் ஒரு கட்டை, மாலையில் ஒரு கட்டை வைத்து ஏதோ குழந்தைக்குப் பாலூட்டுகிற மாதிரி அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நிவாரணத்துக்காகக் கடையைப் பார்வையிட ஓர் அதிகாரிப் பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். காலித் தட்டுகளைப் பார்த்தாள், பலகையில் நூலாம்படையைப் பார்த்தாள், கடை மூடியிருக்கிறது என்று எழுதிப் பேனாவையும் மூடிவிட்டாள். திரும்பிப் போகப் போனவளை உன் அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். நம்ம வீட்டுக்கு வந்தவங்க அடுப்பைப் பார்க்காமல் போறதா, கையை வைத்துப் பாரும்மா என்று கூட்டிக்கொண்டு போனார். வந்தவர்களையெல்லாம் அப்படித்தானே கூப்பிடுவார், உன்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைக்கூட முதலில் அடுப்புக்குத்தானே கூட்டிப்போனார். அந்தப் பெண்ணும் கையை வைத்தாள். வைத்ததும் எடுத்துவிட்டு உன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் உயிரே இல்லை. இது எதுவும் தெரியாமல் உன் அப்பா, எங்க அப்பா மூட்டின நாளிலிருந்து ஆறினதே இல்லம்மா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அவள் என்ன செய்வாள், பார்த்ததை எழுதித்தானே ஆக வேண்டும். கடையில் தொழில் நடக்கிறது என்று நிவாரணம் இல்லை என்றுவிட்டார்கள்.

அன்றைக்கு உன் அண்ணன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஊரெல்லாம் நிவாரணம் வாங்குது, நீங்க பெருமை வாங்கினீங்க, உங்க அடுப்பையே கட்டிக்கிட்டு இருங்க என்றான். அவ்வளவுதான், அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், தாத்தாவுக்குத் தண்ணீர் வேணுமா கேளு என்று இவன் குண்டனிடம் சொல்வான், வேணாம்னு உங்க அப்பாகிட்டச் சொல்லு என்று அவர் சொல்வார், நடுவில் குண்டன் தபால்காரன் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். நானும் உன் அண்ணியும் சமையலறைக்குள் போய்ச் சிரித்தோம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் சிரித்தோம். அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்ததும் அவரை ஒரு பக்கம் ஏற்றினார்கள், எங்களை இன்னொரு வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், வீட்டைப் பூட்டிவிட்டார்கள். உன் அண்ணன் கேட்டில் நின்று, ஒரே ஒரு கட்டை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான், விடவில்லை. அடுப்பையே கட்டிக்கிட்டு இருங்க என்று சொன்னவனேதான் கெஞ்சினான். தையல்காரர் போனில் புகை இளைத்துவிட்டது என்றார், மறுநாள் போன் பண்ணிப் புகையே இல்லை என்றார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்ட முதல் பேச்சு, அடுப்பு எரியுதா. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் போனை வாங்கி, எரியுதுப்பா, நான்தான் கட்டை வைக்கிறேன் என்றான். அத்தனை நாள் கழித்து அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான், கடைசியும் அதுதான். அவர் நிம்மதியாக மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மறுநாள் அவர் போய்விட்டார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. நீ விமானம் இல்லாமல் அங்கே தவித்தாய், நான் அதே ஊரில் இருந்தும் பார்க்கவில்லை, நமக்குள் என்ன வித்தியாசம் சொல்லு.

திரும்பி வந்ததும் கடை திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. உன் அண்ணன் அடுப்பு நிறையக் கட்டையை அடுக்கித் தீ வைத்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் அன்றைக்கு அவன் அவனாக இல்லை. வளைவு வெடித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு அப்புறம்தான், பார்த்தாயா, நிவாரணம் வந்தது. அந்த அதிகாரிப் பெண் தானாகவே மறுபடியும் மேலே எழுதியிருக்கிறாள், அடுப்பு வெடிக்காமல் இருக்க வைத்த நெருப்பு, விற்க வைத்ததில்லை, இவர்கள் பொய் சொல்லவில்லை என்று. செயலாளர் அழுதுகொண்டே வந்து சொன்னார். கடையைத் திறந்து நடத்தினால்தான் அது நமக்கு, இல்லாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமாம். உன் அண்ணன் தொடமாட்டேன் என்கிறான். சாகப்போகிற மனுஷனிடம் பொய் சொன்ன வாய் இது, இனி அந்த அடுப்பு முன்னால் எப்படி நிற்பது என்கிறான். கடையைக் கிடங்காக்க ஒருவர் கேட்கிறார், வருகிற முதல் தேதி முன்பணம் கொடுக்க வருகிறாராம். உன் அண்ணியும் நானும் சொல்லிப் பார்த்துவிட்டோம், கல்லோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு வளைவைச் சரிபண்ணலாம், பழைய செங்கல்லே பாதிக்கு மேல் தேறும் என்றார். எனக்குக் கடை நடந்து லாபம் வந்து நான் ராணி மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை கண்ணு. என் படுக்கை அடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது உனக்குத் தெரியும், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சூட்டில் முதுகைக் கொடுத்துப் படுத்தவள் நான். இப்போது தூக்கத்தில் புரண்டால் சுவர் சில்லென்று முதுகில் படுகிறது, அப்போதுதான் அவர் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் புதுசாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் படங்களெல்லாம் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டன. பொடியனின் பல் முளைக்காத படத்தில் கன்னம் கரைந்துவிட்டது. எல்லாவற்றையும் உரித்து மாவு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அதனால் ஒன்று செய். அழாதே, அழுதுகொண்டே உன் அண்ணனுக்குப் போன் செய்யாதே, நீ அழுதால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவான். நீ சின்னப் பிள்ளையில் எது கேட்டாலும் அவன் இல்லை என்று சொன்னதில்லை. பொடியனைப் புதுச் சட்டை போட்டு நிறுத்தி ஒரு படம் எடுத்து, போனில் வேண்டாம், காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு, சீக்கிரம் வருகிற தபாலாகப் பார்த்து முதல் தேதிக்கு முன்னால் சேரும்படி அனுப்பு, உறையில் என் பெயர் வேண்டாம், அண்ணன் பெயரை எழுது. பின்பக்கத்தில், அண்ணா இதை அடுப்புச் சுவரில் ஒட்டு என்று மட்டும் எழுது, வேறு ஒன்றும் வேண்டாம். ஈரச் சுவரில் பசை நிற்காது, அது அவனுக்குத் தெரியும். சுவர் காய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். எரியுதுப்பா என்று அவன் சொன்னது பொய்யாக இல்லாமல், கொஞ்சம் முந்திச் சொன்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போடாமல் இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் பொடியன் காதை மூடு. எங்கே இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் நிறைந்து நீண்டு வாழ வேண்டும். படம் எடுக்கும்போது பொடியனைச் சிரிக்கச் சொல்லு, மூக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி எடு, அது தாத்தா மூக்கு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா