பையில் மிஞ்சிய வெள்ளை அங்கி

என் அப்பாவுக்கு, ஆமாம், என் அப்பாவுக்குத்தான்,

இப்படி அழுத்திச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் நீங்கள் பாஸ்டராக இருந்த நன்னிலம் பக்கம் யாரைப் பார்த்தாலும் "எங்க அப்பா போயிட்டாரே" என்கிறார்கள். உங்களை அடக்கம் பண்ணிய அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு இடமில்லை. சபைப் பையன் செல்வம் பெட்டி மேலேயே விழுந்து "அப்பா, அப்பா" என்று கதறினான். வெளியூர்ச் சபையிலிருந்து வந்த யாரோ ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, சொந்தக்காரங்க பாக்கட்டும்" என்றார். நான் பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போனவள், அவருக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

பொறாமைதான், அப்பா. இதற்கு வேறு நல்ல பேர் வைத்து என்ன பிரயோஜனம்? பொறாமை கூடாது என்று நீங்கள் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கேட்டவள்தான் நான். அப்போதும் பக்கத்துப் பாயில் இருப்பவர்களை எண்ணிப் பொருமிக்கொண்டுதான் கேட்டேன்.

நம் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தலை யாருக்குப் போகும்? அன்றைக்கு யார் வீட்டுக்கு வந்தார்களோ அவர்களுக்கு. எனக்கு வால் துண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் பாடினபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த செல்வத்தின் வீட்டு வாசலில். அவன் குடித்துவிட்டு உள்ளே கிடந்தான், நீங்கள் அவன் தெளிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பி வந்து அம்மாவிடம், "இன்னைக்குக் கொஞ்சம் பேசுனான்" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். நானும்தான் அன்றைக்குப் பாடினேன். அதை யார் கேட்டது?

அவன் குடியை விட்டான், வேதாகமக் கல்லூரிக்குப் போனான், உங்களுக்குக் கண் மங்கினதும் உங்கள் வண்டியை ஓட்டினான், இப்போது உங்கள் இடத்தில் நின்று பிரசங்கம் பண்ணுகிறான். நல்லதுதான். இல்லை என்று சொல்வேனா? ஆனால் கைக்குட்டையை மடித்துக் காலருக்கு உள்ளே சொருகுகிறானே, அந்தப் பழக்கம் உங்களுடையது. அதை அவனுக்கு யார் கொடுத்தது?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். விட முடியாதது ஆற்றங்கரை விஷயம்.

மேட்டூர் திறந்து நம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சபையே ஒரு மாதிரி ஆகிவிடும். நடவு வேலை ஒரு பக்கம், ஞானஸ்நானம் ஒரு பக்கம். கோடை முழுக்க வெறும் மணலாகக் கிடந்த ஆற்றுக்காக எத்தனை பேர் காத்திருப்பார்கள்! விடிந்ததும் நீங்கள் முதலில் இறங்குவீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடைந்த பாட்டில், முள் ஏதாவது கிடக்கிறதா என்று காலாலேயே துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர்களைக் கூப்பிடுவீர்கள். அம்மா தைத்த வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஒரு கை பிடரியில், ஒரு கை மூக்கைப் பொத்திய கைக்குட்டையில். அப்படியே சாய்த்து முக்கி எடுப்பீர்கள். எழுந்ததும் நெற்றித் தண்ணீரை உங்கள் கையாலேயே துடைத்து விடுவீர்கள். கரையில் பாட்டும் கஞ்சிராவும் கேட்கும். அந்தப் பாட்டை நடத்துவது நான்.

கரையில்தான், அப்பா. எல்லா வருஷமும் கரையில்தான்.

நம்முடையது பாப்டிஸ்ட் சபை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லை, வளர்ந்து தானாக வாய் திறந்து கேட்க வேண்டும். "கேட்டு வரணும். கூப்பிட்டு இறக்குனா அது வெறும் குளியல்" என்று நீங்கள் சொல்லாத வருஷம் உண்டா? ஆனால் ஊரில் எத்தனை வீட்டுக்கு நடந்து போய்ப் பேசினீர்கள்! என்னிடம் ஒரு வார்த்தை, "எஸ்தர், நீ எப்பம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை, கேட்டதுண்டா? விசுவாசம் இல்லாமல் இல்லை எனக்கு. ஆனால் அப்பா ஒரு தடவையாவது என்னைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வீம்பு. இந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

என் மாமியார் வீட்டில் குழந்தை பிறந்த மாதமே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை என்று தெரிந்து அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டார்கள். "ஊருக்கெல்லாம் குடுத்த பாஸ்டர் சொந்தப் பொண்ண மறந்துட்டாராக்கும்?" அன்றைக்கு அவர்கள் கேட்டதை நான் இன்று வரைக்கும் உங்களிடம் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டீர்களோ என்று எனக்கே பயம் இருந்தது.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை செல்வம் போன் பண்ணினான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ஆத்துல இதுதான் கடைசி. அடுத்த வருஷம் ஐயா பேர்ல சபைக்குள்ளேயே தொட்டி கட்டப் போறாங்க. நீங்க அவசியம் கரையில வந்து நிக்கணும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். "கரையில நிக்கத்தானே பொறந்திருக்கேன்! எறங்குறதுக்கெல்லாம் நீங்க இருக்கீங்களே" என்று கத்திவிட்டேன்.

அவன் மெதுவாகச் சொன்னான். "ஐயாவோட அங்கிப் பைய நான்தானேக்கா தூக்கிட்டு வருவேன். எறங்குறவங்களுக்குப் போக ஒரு அங்கி எப்பவும் கூடுதலா இருக்கும். யாருக்குங்கய்யான்னு ஒருநாள் கேட்டேன். 'எஸ்தர் இன்னைக்குக் கேட்டுட்டான்னா போட்டுக்க வேணாமாடா'ன்னாரு."

அவனே மேலும் சொன்னான். "நீங்களே சொல்லிப் பாக்கலாமேய்யான்னும் கேட்டேங்க்கா. 'நான் சொன்னா எனக்காக எறங்கிடுவாடா. அது கூடாது. அவளா வரட்டும்'னாரு. ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆள் எழுந்ததும் கரையப் பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணியிலயே நிப்பாரு. நீங்க பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "ஆமாண்டி. நீ வளர வளர மடிப்பைப் பிரிச்சு இறக்கிவிட்டேன். புள்ள பொறந்த பிறகு பக்கத்துல துணி வச்சுத் தச்சேன், நீதான் ஊதிட்டியே. பீரோவுலதான் இருக்கு" என்றார்கள், ஏதோ பழைய போர்வையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. என்னிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம்.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் அப்பா. சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். இதையும் அவனிடம்தானே சொன்னீர்கள்! என்னைப் பற்றிய இந்த ஒரு விஷயம், அதுவும் அவன் காதுக்குத்தானா? இத்தனை வருஷம் நீங்கள் தண்ணீரில் நின்று என்னைப் பார்க்க, நான் கரையில் நின்று உங்களைப் பார்க்காமல் இருக்க, நம்மைப் போல இரண்டு பேர் எந்தச் சபையிலாவது உண்டா?

முந்தாநாள் நன்னிலம் போனேன். செல்வம் சபை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அவனை இதுவரைக்கும் நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு, "பாஸ்டர், எனக்கு ஞானஸ்நானம் குடுங்க" என்றேன்.

அவன் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். உடனே சரி என்று சொல்லவில்லை. "தப்பா நினைக்காதீங்க்கா. ஐயா இருந்தா கேப்பாரு, அதனால நானும் கேக்கணும். யாருக்காக எறங்குறீங்க?" என்றான்.

நல்ல ஆளைத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"எறங்குறது ஆண்டவருக்காக. அந்த அங்கி மட்டும் எங்க அப்பாவுக்காக."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வாங்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா முட்டிவலியோடு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அத்தையும் வருகிறேன் என்று பட்டுப்புடவையை எடுத்து வைத்திருக்கிறார்கள். செல்வம்தான் முதலில் இறங்கித் தரையைக் காலால் துழாவிப் பார்ப்பான், செல்வத்தின் கைதான் என் பிடரியைப் பிடிக்கும். அந்தக் கை உங்களுடையதாக இருந்திருக்கலாம் என்கிற எரிச்சல் தண்ணீருக்குள்ளும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுந்ததும், நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கரையைப் பார்ப்பேன். பிறகுதான் ஏறுவேன். இந்தத் தடவை பையில் எந்த அங்கியும் மிஞ்சாது, அப்பா. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஊரே உங்களை அப்பா என்று கூப்பிட்டாலும்,
உங்கள் ஒரே மகள்,
எஸ்தர்