மல்லிகா போட்டுக்கொள்ளாத சிவப்புப் பட்டை

என் ஆசை மச்சான் கோவிந்தனுக்கு,

போன வாரம் என் தங்கச்சி உன் ஆபீஸ் கோட்டைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டிருந்தாள். காற்றில் அதன் கை லேசாக உயர்ந்தது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன். ஆமாம், ஈரக் கோட்டுக்குத்தான். தங்கச்சி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போனதற்கு அப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம்தான்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், என் நடையும் அப்படித்தான் என்று நீ சொல்லுவாயே, அப்படிச் சொல்லிக்கொள்.

உன் கோட்டைப் பற்றி உன்னிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைக் கோட்டு, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பளபளவென்று பித்தளை வில்லை. அதிகாரிக்கு முன்னால் டவாலியாக நீ நடந்து வந்தால் திண்டிவனம் வெயிலே ஒதுங்கும். ஒருநாள் நான் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை வண்டியை நிறுத்திவிட்டு, பட்டா விஷயமாக உன் ஆபீசுக்கு வந்தேன். "யாருப்பா நீ? தள்ளி நில்லு, அய்யா வர்றாரு" என்றாய். முந்தின ராத்திரிதான் என் வீட்டில் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருந்தாய்! சாயங்காலம் கேட்டதற்கு, "அது நான் இல்ல மச்சான், கோட்டு பேசுச்சு" என்று சொல்லி என் வண்டிக் கடலையிலேயே கை வைத்தாய்.

ஆனால் நீ அதை ஏன் அவ்வளவு ஆசையாகப் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா பண்ணை வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர். அதே பண்ணைக்காரர் ஒருநாள் உன் ஆபீஸ் வாசலில், நீ உள்ளே விடும்வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரன் தன் பெருமைக்குத் தைத்த துணி, உன் முதுகை நிமிர்த்தியது. அதை நான் கேலி செய்வேனா? செய்தேன், உண்மைதான். ஆனாலும் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இப்போது உன் மகள் சங்கதி. நீ வேலையில் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டதால், உன் இடத்தில் மல்லிகாவுக்கே வேலை கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் தாய்மாமன் நான்தான் துணைக்குப் போனேன். ஹெட்கிளார்க் உன் பட்டையை எடுத்துப் புடவைக்கு மேலேயே மாட்டிவிட்டார். பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

அப்போது கிளியனூரிலிருந்து ஒரு பெரியவர் மனு கொடுக்க வந்தார். வாசற்படியிலேயே குனிந்து இவள் காலைத் தொடப் போனார். மல்லிகா துள்ளிப் பின்வாங்கினாள். "அய்யோ தாத்தா, எழுந்திரு! நான் டவாலி கோவிந்தன் பொண்ணு."

"தெரியும் தாயீ. உன்னயா கும்புடறேன்? பட்டயக் கும்புடறேன்."

அவ்வளவுதான் மச்சான். கழற்றி மேசைமேல் மடித்து வைத்துவிட்டாள்.

"வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து இருக்கற பழக்கம்மா. நீ இன்னா புதுசா?" என்று ஹெட்கிளார்க் குதித்தார்.

"அவன் போய்ட்டான் சார். இவரு இன்னும் குனிஞ்சிக்கினு நிக்கிறாரே!"

வேலை நிரந்தரம் ஆகவில்லை. என் தங்கச்சி வீட்டு உலை அந்தச் சம்பளத்தில்தான் கொதிக்கிறது. வெளியே இழுத்துப் போய், "அப்பனுக்கு மரியாத கொடுத்த துணிடி" என்றேன்.

"அப்பாவுக்கு அது தேவப்பட்டுது மாமா. எனக்கு வேணாம். நான் வேல செய்யமாட்டேன்னா சொல்றேன்?"

இதைக் கேட்டு உனக்குக் கோபமா, இல்லை உள்ளுக்குள் சிரித்தாயா?

புது அதிகாரி கெட்டவர் இல்லை. விக்கிரவாண்டிப் பக்கத்துப் பிள்ளை, அவருடைய அம்மா நாற்று நட்டவர். கோபம் வந்தால் இங்கிலீஷ், பயம் வந்தால் தமிழ். அன்று எங்களை உள்ளே கூப்பிட்டுத் தமிழில்தான் பேசினார். "எனக்கு முன்னாடி யாரும் நடக்க வேணாம்மா. ஆனா அடுத்த வாரம் கடலூர்லேர்ந்து பெரிய அதிகாரி விழுப்புரம் பங்களாவுக்கு வர்றாரு, நாமதான் போய் வரவேற்கணும். முன்னாடி டவாலி போகலன்னா, எனக்கு ஆபீஸ் நடத்தத் தெரியலன்னு எழுதிடுவாரு. அப்புறம் உன் வேலய என்னால காப்பாத்த முடியாது."

எனக்கு அவர்மேலும் பாவமாக இருந்தது. அவ்வளவு படித்தவருக்கும் கழுத்துக்கு மேலே ஒரு கோட்டு தொங்குகிறது, பார்த்தாயா?

"பட்டதானே சார் முன்னாடி நடக்கணும்? உள்ள யாரு இருந்தா இன்னா? நான் நடக்கறேன்" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "கோட்டுக்குப் பொத்தான் போட முடியுமா?" என்றார்.

"மூச்சு உடாம நடக்கறேன் சார்."

அப்படித்தான் நடந்தேன். பெரிய அதிகாரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது, ஃபைலோடு நின்ற மல்லிகாவைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். "ஆபீஸ் உதவியாளர் அய்யா." "சரி" என்றார். அத்தனை வருசத்துப் பழக்கம், ஒரு "சரி"யில் கார் ஏறிப் போய்விட்டது.

மல்லிகாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பட்டையும் வில்லையும் ஆபீஸ் பீரோவில் தூங்குகின்றன. கோட்டை மட்டும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மனு கொடுக்க வருகிறவர்களுக்கு அவள் பெஞ்சைக் காட்டுகிறாள். பாதிப் பேர் உட்காருவதில்லை. "பரவால்ல தாயீ" என்று நின்றுகொண்டே இருக்கிறார்கள். அவளும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பிடிவாதம் உன்னுடையது.

நம் தெருவுக்குக் கலர் டிவி வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அதற்கு முன்னாலும் வரிசை ஒழுங்கு பண்ணியிருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை மல்லிகாவைக் கேட்காமல் அவள் கழுத்தில் யாரும் எதையும் மாட்ட முடியாது, கல்யாண மாலை உட்பட. உன் கோட்டையும் யாரும் கரித்துணி ஆக்க விடமாட்டேன்.

விழுப்புரத்தில் நடந்ததில் ஒன்று பாக்கி. அந்தப் பங்களாவில் நீள வராந்தா, எல்லாக் கதவும் ஒரே பச்சை. எந்த அறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் போகிறவன் கேட்கக் கூடாதாம். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனேன். அது கக்கூஸ். பெரிய அதிகாரி பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் நம் அதிகாரி, ஹெட்கிளார்க், இடம் இருந்தவரை மற்றவர்கள். பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி வருதா?" என்றார். "வருதுங்க" என்று குழாயைத் திறந்தேன். வரவில்லை. "கவனிங்க" என்றார். கடைசியாக வந்தவர் முதலில் வெளியே போனார். நான் கடைசியில் வந்தேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்கு மாமன், உனக்கு எப்போதும் மச்சான்,
ஏழுமலை